பல் வைத்தியர் ஹொரேஸ் வெல்ஸ்

உலகிலே பெரியோர் எனப் போற்றப்படுவார் இருவகையினர். எடுத்த கருமத்தை முடித்து, அதன் பயனைத் தம் கண்ணாரக் கண்டு, புகழ்சூழ மறைவோர் ஒருவகையினர். வித்திட்டு நீர்பாய்ச்சிக் காவலிருந்தும், விளைவு காணுமுன்னரே வீழ்ந்துபடுவோர் மற்றொரு வகையினர். பின்னையோருடைய சரிதமே நம் நெஞ்சை உருக்கவல்லது. அத்தகையோருள் ஒருவராகிய ஹொரேஸ் வெல்ஸ் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். வலியறியாமற் பல்லைக் களையும் வழியை உலகிற்குக் காட்டியவர் அவர் என்பதைப் பலர் அறிவர். அதற்கு ஆறாண்டுகட்கு முன்னரே, பற்களைப் பழுதுறாமற் பேணும் வழியைக் குறித்து அவர் ஒரு சிறு நூல் எழுதினார் என்பதை அறிவார் சிலரே. இவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்கினாலன்றி, அவரது வாழ்க்கையின் முழுப்பயனும் நமக்குப் புலனாகாது என்பது எம் கருத்து.

அக்காலத்து நிலைமை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பல்வலியுற்ற ஒரு சிறுவனின் நிலையை நாம் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நாளிற் பல் பிடுங்குதலைச் செய்தோர் பலர் வைத்தியம் கற்றவரல்லர். நாவிதரும் கம்மியரும் அத்தொழிலைப் பக்கத்தொழிலாகக் கொண்டிருந்தனர். கதவின் திறவுகோலைப் போன்றதொரு கருவியைப் பல்லில் மாட்டி, முறுக்கித் திருகி அதனைப் பெயர்ப்பர். பல் முழுதாக வருதலும் உண்டு. பாதியில் முறிந்துபோதலும் உண்டு. தாடையெலும்பு பிளத்தலும் உண்டு. சிறுவனாயின், தந்தை தோளையும் பிறர் கால்களையும் பற்றிக்கொள்வர். அவன் அலறலைக் கேட்டுத் தாய் வேறோர் அறையிற் சென்று அழுவாள். இவ்வாறு ஒருமுறை துன்புற்றவன் பின்னர் எத்துணை வலியெடுப்பினும் வாய் திறந்து கூறான். கூறாமையால் நோய் முற்றும். முற்றியபின் மீண்டும் அக்கருவியே வரும். அச்சம் நோயை வளர்க்க, நோய் அச்சத்தை வளர்க்க, இரண்டும் ஒன்றையொன்று தழுவிச் சுழன்றன.

பல் வைத்தியத்தை முறையாகக் கற்பிக்கும் கல்லூரியொன்று உலகில் முதன்முதல் தோன்றியது 1840-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகரத்தில் ஆகும். வெல்ஸ் தொழில் பயின்ற காலத்தில் அதுவும் இல்லை.

இளமையும் தொழிலும்

வெல்ஸ் 1815-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 21-ஆம் நாள், வெர்மான்ட் மாகாணத்து ஹார்ட்போர்டு என்னும் ஊரிற் பிறந்தார். பெற்றோர்க்கு அவரே தலைமகனார். இளமையிற் பல பள்ளிகளிற் பயின்றபின், 1834-இல், தமது பத்தொன்பதாம் அகவையில், பாஸ்டன் நகரஞ் சென்று பல் வைத்தியர்பால் மாணாக்கராக அமர்ந்தார். எம்போன்ற மாணவர் புத்தகச் சுமையோடு கல்லூரி வாயிலிற் புகும் அப்பருவத்திலே, அவர் தம் ஆசிரியரின் பக்கத்தில் நின்று நோயாளரின் கதறலைக் கேட்டுக்கொண்டே தொழில் கற்றார். ஈராண்டு கழிந்தபின், 1836-இல், கனெக்டிகட் மாகாணத்தின் தலைநகரில் தமக்கெனத் தனி நிலையம் அமைத்துக்கொண்டார். அந்நகரின் பெயரும் ஹார்ட்போர்டு என்பதே. பிறந்த ஊரும் புகழெய்திய ஊரும் ஒரே பெயருடையனவாயினும், அவை வெவ்வேறு மாகாணத்தன என்பதை அன்பர்கள் மனத்திற்கொள்க.

கைத்திறனும் நுண்ணறிவும் அவர்பால் ஒருங்கே அமைந்திருந்தன. தமக்கு வேண்டிய கருவிகளுட் சிலவற்றைத் தாமே செய்துகொண்டார். நகரப் பெருமக்கள் அவரை நாடினர். மாகாண ஆளுநரும் அவரிடம் சிகிச்சை பெற்றார். 1838-இல் எலிசபெத் என்னும் நங்கையை மணந்தார். அடுத்த ஆண்டில் சார்ல்ஸ் என்னும் ஒரே மகன் பிறந்தான்.

வருமுன் காத்தல்

மணம் முடித்த அவ்வாண்டிலேயே, தமது 23-ஆம் அகவையில், பற்களைப் பற்றியதொரு சிறு நூலை அவர் வெளியிட்டார். பற்கள் முளைக்கும் முறையையும், அவற்றிற்கு வரும் நோய்களையும், அந்நோய்கட்கு ஏதுவானவற்றையும் அதில் எடுத்துரைத்தார். உணவும் வாய்த்தூய்மையும் பல்லின் நலத்துக்கு இன்றியமையாதன என்று விளக்கினார். பிரஷ் கொண்டு பல் துலக்கும் வழக்கத்தை வற்புறுத்தினார். வலி தோன்றியபின் வைத்தியரைத் தேடியோடுதலினும், வலியில்லாத காலத்தே குறித்த இடையீட்டில் பற்களைக் காட்டிச் செல்லுதலே நன்றென்பது அவர் கொள்கை. இளமையிலேயே இவ்வழக்கம் வேரூன்றல் வேண்டுமென எண்ணிச் சிறுவர்க்குச் சிகிச்சை செய்வதிலும் அவர் கருத்தூன்றினார்.

இக்கொள்கைகள் இன்று நமக்குப் புதியனவாகத் தோன்றா. பல் வைத்தியம் என்றால் பிடுங்குதல் என்றே பொருள்கொண்டிருந்த அக்காலத்தில் இவை புதுமையானவை. தம்மிடம் வருவோர் தொகை குறைதற்குரிய வழியைத் தாமே எழுதி அச்சிட்டு வழங்கிய வைத்தியரின் உள்ளத்தூய்மையை என்னென்பது!

எனினும், நூல் எழுதியதனால் நோயாளர் வருகை நின்றுவிடவில்லை. முற்றிய சொத்தையோடு வருவார்க்குப் பல்லைக் களைவதன்றி வேறு வழியில்லை. பல்லைக் களையுந்தோறும் பிறர்படும் வேதனை வெல்ஸின் நெஞ்சைச் சுட்டது. இவ்வலியை நீக்கும் வழி உண்டோ என்னும் நினைவு அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

ஹார்ட்போர்டில் ஓர் இரவு

1844-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் இரவு, கார்ட்னர் கோல்ட்டன் என்பார் ஹார்ட்போர்டு நகர மண்டபத்தில் ஒரு காட்சி நடத்தினார். நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுவை மாந்தர் முகர்ந்து, தம்மை மறந்து சிரித்தும் ஆடியும் ஓடியும் பிறர்க்கு நகை விளைப்பதே அக்காட்சி. அதனால் அதற்குச் சிரிப்பு வாயு என்னும் பெயரும் வழங்கலாயிற்று. பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர் அவ்வாயுவை 1772-இல் கண்டறிந்தார். ஹம்ப்ரி டேவி என்பார் அதனைத் தாமே முகர்ந்து ஆராய்ந்து, இரணசிகிச்சையில் வலி தணிக்க அது பயன்படலாமென 1800-இல் எழுதினார். ஆயினும் நாற்பத்துநான்கு ஆண்டுகள் அவ்வாயு வேடிக்கைப் பொருளாகவே ஊரூராய்த் திரிந்தது.

அன்றிரவு வெல்ஸ் தம் மனைவியாருடன் அவையில் அமர்ந்திருந்தார். சாமுவேல் கூலி என்னும் இளைஞர் வாயுவை முகர்ந்து களித்து ஓடுங்கால், இருக்கையில் மோதிக் காலிற் காயமுற்றார். குருதி வழிந்தது. அவரோ ஒன்றும் நிகழாததுபோல் வந்து அமர்ந்தார். அவையிலிருந்த பிறர் அவர் ஆட்டத்தைக் கண்டு நகைத்தனர். வெல்ஸ் ஒருவரே அவர் காலைக் கண்டார். வலித்ததோவென வினவ, காயம் பட்டதையே தாம் அறியவில்லை என்று கூலி விடையிறுத்தார். ஆப்பிள் விழுதலைக் கண்டோர் எண்ணிறந்தோர். அதன் காரணத்தை நாடியவர் நியூட்டன் ஒருவரே எனச் சொல்வர். வெல்ஸின் கண்ணும் அத்தகையதே.

மறுநாட் காலையிலேயே கோல்ட்டன் வாயுப்பையுடன் வெல்ஸின் நிலையத்துக்கு வந்தார். புதிய முறையை யார்மேற் சோதிப்பது? கூலி கொடுத்து ஓர் ஏழையைக் கொணர்தல் எளிது. வெல்ஸ் அதனை நினையாது, தாமே நாற்காலியில் அமர்ந்தார். கோல்ட்டன் வாயுவை முகரச் செய்ய, வெல்ஸின் நண்பரும் முன்னாள் மாணாக்கருமாகிய ஜான் ரிக்ஸ் அவருடைய கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார். உயிர்க்கு இறுதி வருமோ என்னும் ஐயம் அங்கிருந்தோர் அனைவர்க்கும் இருந்தது. சிறிது பொழுதிற் கண்விழித்த வெல்ஸ், ஊசி குத்திய அளவு வலியும் தாம் உணரவில்லை என்று கூறிப் பெருமகிழ்வெய்தினார். அவ்வளவில் நில்லாது, வாயு செய்யும் முறையைக் கோல்ட்டனிடம் கற்று, அடுத்த சில வாரங்களிற் பன்னிருவர்க்கு மேற்பட்டோரிடம் சோதித்துப் பெரும்பாலும் வெற்றி கண்டார். இதனைத் தமக்கே உரிமையாக்கிப் பொருளீட்ட அவர் விரும்பவில்லை. நாம் மூச்சிழுக்கும் காற்றைப்போல இதுவும் யாவர்க்கும் பொதுவாதல் வேண்டுமெனக் கருதினார்.

பாஸ்டனில் நேர்ந்த இழுக்கு

தாம் கண்டதைப் பெரிய வைத்தியர்க்கு எடுத்துக்காட்ட விரும்பி, 1845-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வெல்ஸ் பாஸ்டன் சென்றார். அங்கு வில்லியம் மார்ட்டன் என்பார் அவர்க்குத் துணைசெய்தார். மார்ட்டன் முன்பு வெல்ஸிடம் தொழில் பயின்றவர். சிறிதுகாலம் அவரோடு கூட்டாகவும் தொழில் நடத்தியவர். மருத்துவ மாணவர் குழுமிய அவையில் ஒருவர் பல் பிடுங்கிக்கொள்ள முன்வந்தார். வெல்ஸ் வாயுப்பையை அவர் வாயில் வைத்தார். ஆனால் வேண்டிய பொழுது செல்லுமுன்னரே அது அகற்றப்பட்டுவிட்டது. பல்லைப் பெயர்க்குங்கால் நோயாளர் ஓவெனக் கதறினார். அவை முழுதும் நகைத்தது. ஏமாற்று வித்தை என மாணவர் இகழ்ந்தனர். தாம் அத்துணை வலியை உணரவில்லை என்று அந்நோயாளரே பின்னர்க் கூறினார். அதனைக் கேட்க அவையில் எவரும் இல்லை.

இத்தோல்விக்குக் காரணம் யாது? இன்றைய அறிவு அதனைத் தெளிவாக விளக்குகின்றது. நைட்ரஸ் ஆக்ஸைடு வன்மை குறைந்த மயக்க மருந்து. அது ஒன்றனாலேயே முழு மயக்கம் விளைக்க வேண்டுமாயின், உயிர்க்கு ஆதாரமான ஆக்ஸிஜனுக்கு இடமில்லாதபடி மூச்சு முழுவதும் அவ்வாயுவே நிறைதல் வேண்டும். ஆதலின் அதனால் வரும் மயக்கம் மிகக் குறுகியது. சற்றே முந்தினால் வலி தோன்றும், சற்றே பிந்தினால் உயிர்க்கு ஊறு நேரும். அந்நுண்ணிய எல்லையை அளந்தறியும் கருவி அந்நாளில் எவரிடமும் இல்லை. வெல்ஸின் கொள்கை பிழையன்று. கையிலிருந்த மருந்தின் இயல்பை முற்ற அறியக் காலம் போதவில்லை என்பதே உண்மை.

மென்மையான உள்ளமுடைய வெல்ஸ் அவ்விழிவைத் தாங்கிலர். ஊர் திரும்பி நோயுற்றார், தொழிலையும் விட்டுவிட்டார். இயற்கைப் பொருட்காட்சி நடத்தினார். நீராடும் கருவி செய்து விற்றார். யாதொன்றிலும் அவர் மனம் நிலைபெறவில்லை.

புகழுக்குப் போர்

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், அதே பாஸ்டன் நகரத்து மாஸசூஸெட்ஸ் பொது மருத்துவமனையில், மார்ட்டன் ஈதர் என்னும் மருந்தை ஒருவர்க்கு முகரக்கொடுத்தார். ஜான் வாரன் என்னும் இரணவைத்தியர் அவர் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தகற்றினார். நோயாளர் கதறவில்லை. அச்செய்தி சில திங்களில் ஐரோப்பா முழுதும் பரவியது. மார்ட்டன் உடனே அம்மருந்துக்குத் தனியுரிமை பெற முயன்றார். அவர்க்கு யோசனை கூறிய ஜாக்ஸன் என்னும் இரசாயன நூலறிஞர், கண்டறிந்த பெருமை தமக்கே உரியதென வழக்கிட்டார். வெல்ஸும் தம் உரிமையை நாட்டச் செய்தித்தாளில் எழுதினார். 1847-இல் பாரிஸ் நகரஞ் சென்று அறிஞர் கழகங்களின் முன் முறையிட்டார். தம் கண்டுபிடிப்பின் வரலாற்றை நூலாகவும் வெளியிட்டார். இவர்கள் யாவர்க்கும் முன்னரே, 1842-இல், ஜார்ஜியா மாகாணத்தில் கிராபோர்டு லாங் என்னும் வைத்தியர் ஈதரைக் கொண்டு இரணசிகிச்சை செய்திருந்தார். ஆயினும் அவர் அதனை 1849-ஆம் ஆண்டுவரை வெளியிட்டாரில்லை. அமெரிக்கப் பேரவை பரிசு வழங்குவதுபற்றிப் பல்லாண்டு வாதித்தும், முடிவில் எவர்க்கும் வழங்கவில்லை. வலி தீர்க்கும் மருந்தைக் கண்டோர் தம்முள் ஒருவர்க்கொருவர் வலிசெய்துகொண்டது வருந்தத்தக்கதே.

இரங்கத்தக்க முடிவு

1847-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் எடின்பரோ நகரத்துச் சிம்ப்ஸன் என்பார் குளோரோபாரத்தை மயக்க மருந்தாக உலகிற்கு அறிவித்தார். அதன் தன்மையை ஆராய விரும்பிய வெல்ஸ், 1848-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நியூயார்க் நகரத்தில் தனியே தங்கி, அதனைத் தம்மீதே மீண்டும் மீண்டும் சோதித்தார். அம்மருந்து அறிவை மயக்கி அடிமைப்படுத்தவல்லது என்பதை அந்நாளில் அறிந்தார் இலர். ஜனவரித் திங்கள் 21-ஆம் நாள், தமது முப்பத்துமூன்றாம் பிறந்தநாளன்று, அறிவு திரிந்த நிலையில் வெளிப்போந்து, தெருவிற் சென்ற மாதர் இருவர்மீது அமிலத்தை வீசினார். காவலர் அவரைச் சிறையிலிட்டனர். மயக்கம் தெளிந்து, தாம் செய்த கொடுமையை உணர்ந்தபோது அவர் உள்ளம் உடைந்தது. பிறர் நோவைக் காணப்பொறாத கைகளே பிறர்க்கு நோவு செய்தன! மனைவியாரையும் எட்டாண்டு மகனையும் விட்டு, 24-ஆம் நாள் சிறையிலேயே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

மயக்க மருந்தின்றி அறுவையுற்ற உடலுக்கு நேர்ந்த துன்பத்தை அவர் அறிந்திருந்தார். மருந்தால் மனத்திற்கு நேர்ந்த துன்பமே அவரை வீழ்த்தியது. பாரிஸ் வைத்தியக் கழகம் வலியற்ற இரணசிகிச்சையை முதற்கண் கண்டவர் அவரே எனப் பாராட்டி எழுதிய மடல், அவர் இறந்தபின்னரே வந்துசேர்ந்தது.

அவர் மறைந்த நான்காம் நாள் இங்கிலாந்தில் நிகழ்ந்ததொன்றையும் ஈண்டுக் குறித்தல் தகும். நியூகாசில் நகருக்கு அணித்தான வின்லேட்டன் என்னும் ஊரில், ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்தாண்டுச் சிறுமிக்குக் கால்விரல் நகமொன்றைக் களைவதற்காகக் குளோரோபாரம் கொடுத்தனர். சில திங்கட்கு முன் ஈதரால் மயக்கமுற்றுத் தீங்கின்றி எழுந்தவள் அவள். இம்முறை சில நிமிடங்களிலேயே உயிர் துறந்தாள். குளோரோபாரத்தால் நேர்ந்த மரணங்களுள் முதன்முதற் பதிவாகியது இதுவே. துயிலச் செய்யும் மருந்து மீளாத் துயிலிலும் ஆழ்த்தவல்லது என்பதை உலகம் ஒரு சிறுமியின் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்றது.

இறந்தபின் வந்த பெருமை

அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் 1864-இலும், அமெரிக்க வைத்தியர் சங்கம் 1870-இலும் வெல்ஸின் பெருமையை ஒப்புக்கொண்டன. 1875-இல் ஹார்ட்போர்டு நகரத்துப் புஷ்னெல் பூங்காவில் அவர்க்குச் சிலை எழுந்தது. 1910-இல் பாரிஸிலும் ஒன்று நிறுவப்பெற்றது. அவர் நம்பிய வாயுவும் அவரோடு மாளவில்லை. 1863-இல் கோல்ட்டன் அதனை மீண்டும் பல் வைத்தியத்திற் புகுத்தி ஆயிரக்கணக்கானோர்க்கு வழங்கினார். 1868-இல் சிகாகோ நகரத்து எட்மண்ட் ஆண்ட்ரூஸ் அதனோடு ஆக்ஸிஜனைக் கலந்து கொடுக்கும் முறையை வெளியிட்டார். அன்றுமுதல் அது அச்சமின்றிக் கையாளத்தக்கதாயிற்று. இன்றும் பல் வைத்தியரைக் கண்டு நடுங்கும் சிறுவர்க்கு, மூக்கின்மேற் பொருந்திய சிறு மூடியின்வழி ஆக்ஸிஜனோடு கலந்த அவ்வாயுவைத் தருகின்றனர். குழந்தை துயிலாது, விழித்திருந்து, கேட்ட கேள்விக்கு விடைகூறி, அச்சம் நீங்கி அமைதியாக இருக்கும். அதனாலும் அமையாத குழந்தைகளையும், பல சொத்தைகளை ஒரே வேளையில் தீர்க்க வேண்டிய குழந்தைகளையுமே முழு மயக்கத்துக்கு உட்படுத்துவர். அதற்குரிய மருந்துகள் வேறு. அம்மயக்கத்தை நடத்துவோரும் அதற்கெனவே பயின்ற வைத்தியர்.

இக்காலத்தில் அதனால் வரும் இடர் மிகச் சிறிது. ஆயினும் சிறிதென்பது இல்லை என்பதன்று. அதனாலேயே பிரிட்டனில், பல் சிகிச்சைக்காக முழு மயக்கம் தருதல் 2001-ஆம் ஆண்டு இறுதியோடு மருத்துவமனைகட்கு மட்டுமே உரியதாக்கப்பட்டது.

முன்னும் பின்னும் செய்யத்தக்கன

இனி, வெல்ஸின் முதல் நூலுக்கும் அவர் கண்ட மயக்கத்துக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். முழு மயக்கத்தில் ஒரு குழந்தையின் சொத்தைப் பற்கள் யாவும் ஒரே நாளில் அகற்றவும் அடைக்கவும் படுகின்றன. பெற்றோர் நோய் தீர்ந்ததென மகிழ்கின்றனர். தீர்ந்தது வலியே, நோயின் வேர் வாயிலும் வழக்கத்திலும் அப்படியே இருக்கின்றது. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை உமிழ, அவ்வமிலம் பல்லின் வெண்மேற்பூச்சைக் கரைப்பதே சொத்தை. மயக்க மருந்து அந்நுண்ணுயிரைக் கொல்லாது. இனிப்பூட்டிய பாற்புட்டியைக் குழந்தையின் வாயிலிருந்து அகற்றாது. ஆதலின் சிகிச்சை பெற்ற குழந்தைகளுட் பலர் புதிய சொத்தையோடு மீண்டும் வருகின்றனர். இங்கிலாந்தில் ஐந்து முதல் ஒன்பது அகவைவரையுள்ள சிறுவர் மருத்துவமனையிற் சேர்க்கப்படுவதற்குப் பல ஆண்டுகளாகத் தலையாய காரணம் பற்சொத்தையே எனின், செல்வமும் கல்வியும் நிறைந்த நாட்டிலும் இந்நோய் எத்துணை வலியது என்பதை நாம் உணரலாம்.

மயக்கத்துக்கு முன் கைக்கொள்ள வேண்டுவன சில. குறித்த பொழுதுக்கு ஆறு மணி நேரம் முன்னரே திட உணவை நிறுத்துவர். தாய்ப்பாலை நான்கு மணி நேரம் முன்னர் நிறுத்துவர். தெளிந்த நீரைப் பருகும் எல்லையை வைத்தியர் கூறுவர். மயக்கத்தில் விழுங்கும் உணர்ச்சி ஒடுங்குதலின், வயிற்றிலுள்ள உணவு மேலெழுந்து மூச்சுப்பையிற் புகுதல் கூடும் என்பதே காரணம். பசியால் அழும் குழந்தைக்கு இரங்கி ஒரு பிஸ்கோத்துக் கொடுக்கும் தாய், தன் அன்பாலேயே தீங்கு செய்தவளாவாள். ஆடும் பால்பல் இருப்பின் அதனை முன்னரே வைத்தியர்க்கு அறிவித்தல் வேண்டும். மயக்கத்தில் அது கழன்று மூச்சுக்குழலில் விழலாகும். சளியும் காய்ச்சலும் இருப்பின் மறைத்தலாகாது. அன்று காலையிலும் பல் துலக்குதல் நன்று. வாய் தூயதாயின் புண்ணும் எளிதில் ஆறும்.

பல் களைந்த அன்று வாயை வலிந்து கொப்புளித்தலாகாது. குழியில் உறைந்த குருதியே புண்ணுக்குக் காப்பு. மென்மையான உணவு தருதல் வேண்டும். ஏனைய பற்களை மெல்லத் துலக்குதலை நிறுத்திவிடலாகாது. ஈண்டுத்தான் பலர் தவறுகின்றனர். புண் ஆறட்டும் எனத் துலக்குதலை நிறுத்தியவர், அது ஆறியபின்னும் மீண்டும் தொடங்குவதில்லை. சிகிச்சைக்குப்பின் மூன்று திங்கட்கு ஒருமுறை வைத்தியரிடம் காட்டுதலும், புளூரைடு பூச்சுப் பெறுதலும் இத்தகைய குழந்தைகட்கு இன்றியமையாதன.

முதற்பல் முளைத்த நாள்தொட்டே, புளூரைடு கலந்த பற்பசையால் நாளும் இருவேளை துலக்குதல் வேண்டும். மூன்று அகவைக்குட்பட்டார்க்கு ஓர் அரிசியளவு பசையும், அதற்கு மேற்பட்ட சிறுவர்க்கு ஒரு பட்டாணியளவும் போதும். ஏழெட்டு அகவைவரை பெற்றோரே துலக்கிவிடல் நலம். தானே பொத்தான் இடத் தெரியாத கைக்குத் தானே பல் துலக்கத் தெரியுமென நம்புதல் பேதைமை. இரவிற் துலக்கியபின் நீரன்றி வேறொன்றும் தரலாகாது. துயிலும்போது உமிழ்நீர் சுரப்புக் குறைதலின், அப்பொழுது வாயில் தங்கும் இனிப்பே பெருங்கேடு விளைக்கும். விழப்போகும் பால்பல்தானே என இகழ்தலும் தவறு. பின்வரும் பல்லுக்கு இடங்காத்து நிற்பது அதுவே. அன்றியும் ஆறாம் அகவையளவில் பால்பற்களின் பின்னே முளைக்கும் கடைவாய்ப்பல் நிலையானது. அதனைப் பால்பல்லெனக் கருதிச் சொத்தைக்கு இரையாக்கும் வீடுகள் பல.

இவ்வாறு நாள்தோறும் பேணும் கலையும் நற்பேறாக வெல்ஸின் மாகாணத்திலேயே தழைத்தது. கனெக்டிகட் மாகாணத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பிரெட் போன்ஸ் என்னும் பல் வைத்தியர் 1913-இல் மகளிர் சிலர்க்குப் பற்களைத் தூய்மைசெய்யப் பயிற்சியளித்து, அடுத்த ஆண்டுமுதல் அவர்களைப் பள்ளிகட்கு அனுப்பினார். அவர்கள் சிறுவரின் பற்களைத் தூய்மைசெய்ததோடு, துலக்கும் முறையையும் கற்பித்தனர். பல் தூய்மையாளர் என்னும் தொழில் உலகிற் பிறந்தது அங்ஙனமே. 1838-இல் வெல்ஸ் தம் சிறு நூலில் விழைந்தது எழுபத்தாறு ஆண்டுகள் கழிந்து அவர் மாகாணத்துப் பள்ளிகளில் நிறைவேறியது.

முடிவுரை

புஷ்னெல் பூங்காவில் நிற்கும் சிலை, மயக்கம் கண்ட வெல்ஸுக்கு எழுப்பியது. பல் துலக்குமாறு கூறிய வெல்ஸுக்கு எவரும் சிலை எழுப்பவில்லை. ஆயினும் இருவரும் ஒருவரே. காப்பதற்கு வழி கூறியும் காவாதார் பலர் இருந்தமையால், வந்தபின் தீர்க்கும் வழியையும் அவர் தேடினார். தேடிய வழி அவர் உயிரையே கொண்டது. அவர் தந்த இரண்டாவது கொடை ஒரு குழந்தைக்கு வேண்டியதாகும் நாளில் அதனை அஞ்சாது பெற்றுக்கொள்வோமாக; வலியோடு குழந்தையை வாடவிடுதல் அறமன்று. ஆனால் துயில் தெளிந்து எழுந்த அக்குழந்தை வீடு வந்து சேர்ந்த அன்றிரவே, அவரது முதற் கொடையையும் நினைந்து, பிரஷைக் கையிலெடுக்கத் தந்தையும் தாயும் மறவாதிருப்பாராக. தங்கை தம்பியரை உடைய நாமும் அப்பணியிற் பங்குகொள்வோமாயின், முப்பத்துமூன்றாண்டில் முடிந்துபோன அவ்வாழ்க்கைக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவேயாகும்.